பட்டாணி அளவு

பன்னிரண்டு நிமிஷம் என்றார் டாக்டர்.
நான் பதினெட்டு விட்டேன்.
தண்ணீர் சுண்டிப்போய்
பாத்திரத்தின் அடியில் முட்டை
பல் நடுங்குவதுபோல் கடகடத்தது.
ரஞ்சிதான் வந்து அடுப்பை அணைத்தாள்.
"கல்லாயிருச்சு, போங்க."

ஆறு வயதில், கண்டனூர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில்
பாதி முட்டை தின்றவன் நான்.
உதடு இட்லியாய் ஊதி
மூச்சு விசிலடிக்க
கணக்கு வாத்தியார் மொபெட்டில்
குறுக்கே கிடத்திக் காரைக்குடி வந்தாராம்.
எனக்கு மிஞ்சியது
அவர் சட்டைப்பையின் சாக்பீஸ் வாசனை.
முட்டையின் ருசி மிஞ்சவில்லை.

பிறகு முப்பது வருஷம்
பந்தியில், புரோட்டாக் கடையில்,
கேக் வெட்டும் வீடுகளில்
"முட்டை சேந்திருக்கா?"
கேட்டுக் கேட்டே எனக்குச் சாமியார் என்று பெயர்.

என் பிழைப்பே முட்டையோடுதான், அது வேறு.
பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான்
பெரிய வீடுகளில் ஏசிக்கு ஓட்டை போடுகிறவன்.
சுண்ணாம்பில் வெள்ளைக்கரு அடித்துப் பூசிய சுவர்கள்,
கன்னம் வைத்தால் சில்லென்று இருக்கும்.
டிரில்லை அழுத்தினால்
நூறு வருஷத்து முட்டை மாவாய்ப் பறந்து
இமையெல்லாம் அப்பும்.
ஒரு தும்மல். அவ்வளவுதான்.
சுவர் தின்ற முட்டைக்கு என்மேல் கோபமில்லை.

கொப்புவுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு.
(சான்றிதழில் கொப்புடைநாயகி.)
நான் பயந்து பயந்தே ஒரு மாதம் ஓடியது.
"தள்ளிப்போடுறது காவல் இல்ல" என்றார் டாக்டர்.
சளி காய்ச்சல் இல்லாத நாள்,
காலை நேரம்,
அன்றைக்குப் புதிதாய் வேறெதுவும் வேண்டாம்,
பக்கத்திலேயே இருங்கள்.
திங்கள் சந்தை, ஆட்டோ நகராது.
செவ்வாய் ரஞ்சிக்கு ஆகாது.
புதன் வந்தது.

கீழ்வீட்டுச் சேவுகன் சவாரி எடுக்காமல்
ஆட்டோவைத் தெருமுனை பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தான்.

கரண்ட்டுக்குப் போடும் ரப்பர் கையுறையில்
ஓடு உரித்தேன்.
ரஞ்சி மஞ்சளை உதிர்த்துத்
தன் பாலில் குழைத்தாள்.
"நானே குடுக்குறேன்" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
ஒரு கையுறையைக் கழற்றிக் கரண்டி பிடித்தேன்,
நுனியில் பட்டாணி அளவு.

கொப்பு முகம் சுளித்தாள்.
நாக்கால் வெளியே தள்ளினாள்.
யோசித்தாள்.
திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கும் அது?"
கல்யாணமாகி ஆறு வருஷத்தில்
ரஞ்சியை முதல்முறை கேட்கிறேன்.
"மாவு மாதிரி... இல்ல,
அவிச்ச கெழங்கு... அதுவும் இல்ல."
கொஞ்ச நேரம் திணறி
"முட்டை மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

எட்டு பத்து.
எட்டு இருபது.
கணுக்காலில் ஒரு சிவப்பு!
டார்ச் அடித்துக் குனிந்தோம் இரண்டு தலையும் முட்ட.
நேற்றைய கொசு.
எட்டே முக்காலுக்கு ஒரு கொட்டாவி,
அதையும் மூச்சுத் திணறல் என்று எழுந்து நின்றேன்.
ஒன்பதரைக்கு
கிலுகிலுப்பையை விட்டெறிந்து
கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.
நான் பிடிப்பதற்குள்
என் கன்னத்தில் பளார்.
பிறகு அங்கேயே வைத்துத் தேய்த்தாள்,
எதையோ அழிப்பதுபோல.

எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன்:
மூன்று குட்டி விரல்
சிவந்து தடித்து நிற்கிறது.
திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.
வாயைச் சுற்றி மஞ்சள்.
மஞ்சளுக்குக் கீழே
கழுவி வைத்த வெற்றிலை போலத் தோல்,
ஒரு பொட்டுத் தடிப்பு இல்லை.

எனக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு
பத்தரைக்கு இறங்கிப் போய்
சேவுகனிடம் கிளம்பு என்றேன்.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"யாருண்ணே அறைஞ்சது?"

மாடியிலிருந்து ரஞ்சி கத்துகிறாள்:
"இன்னுங் கேக்குறாங்க!"